முப்பதாவது கிலோமீட்டரில் நிற்பவர்

அன்புள்ள அப்பா,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். பத்து வருடம் கழித்து அம்மா மறுபடி ஓடுகிறாள். மூன்று வாரத்தில், நீங்கள் இருக்கும் எல்டோரெட் நகரத்தில், அவளுடைய முதல் மாரத்தான்.

இன்று பயிற்சியில் முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓடினாள். நான் சைக்கிளில் கூடவே போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். மேட்டில் அது நழுவி விழுந்துவிட்டது. அம்மா நிற்கவில்லை.

"புத்தகம் புரட்டுற கைடி உனக்கு!" என்று கூட ஓடிய ஜெரோடிச் சித்தி சிரித்தாள்.

"உங்கப்பா ஓடின காலத்துல எட்டு வருஷம் நான்தான் பாட்டில் நீட்டுனேன். ஒண்ணுகூட விழல," என்றாள் அம்மா. பிறகு வேகத்தைக் கூட்டினாள்.

போட்டியில் முப்பதாவது கிலோமீட்டரில் வீட்டு ஆள் ஒருவர் நின்று தண்ணீர் கொடுக்கலாம். படிவத்தில் அந்தப் பெயருக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது. என் பெயரை எழுதவா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"இருக்கட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல."

நீங்கள் ஏன் வீட்டுக்கு வருவதில்லை என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது.

மணி எட்டுதான் ஆகிறது. விடியுமுன் ஓட வேண்டுமென்று அம்மா விளக்குகளை அணைத்துவிட்டாள். கடைசி வரிகள் கோணலாக இருந்தால் அதனால்தான்.

உங்கள் மகள்