கறிக்கடைக்காரி சாப்பிட்ட சோயா

ஜனவரி 9
கெட்ட கொழுப்பு நூற்று எண்பத்தாறு. மாத்திரை போட்டே ஆக வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. சோயா சாப்பிட்டால் குறையுமாமே என்று சொல்லி மூன்று மாதம் அவகாசம் வாங்கினேன்.

கடைக்கு வந்து தம்பியிடம் சொன்னது என் தப்பு. "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு நான் எப்பவோ சொன்னேனே" என்று சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "இனிமே நீ கல்லாவுல உக்காருக்கா. வெட்டுறத நான் பாத்துக்கறேன்" என்றான்.

இருபத்தாறு வருஷமாகக் கறி வெட்டும் கட்டைக்கு முன்னால் நிற்கிறவள் நான். நோயாளி என்று பேர் வைத்து ஓரங்கட்டப் பார்க்கிறானா? மாத்திரையும் வேண்டாம், கல்லாவும் வேண்டாம். நம்பரை இறக்கிக் காட்டுகிறேன்.

ஜனவரி 21
கறிக்கடைக்காரி சோயா உருண்டை தின்கிறாள் என்று மீன்காரர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். சொல்லட்டும்.

பிப்ரவரி 17
தினம் ஒரு கிண்ணம். வெறும் பஞ்சு.

ஏப்ரல் 10
நூற்று எண்பத்தெட்டு. இரண்டு கூடியிருக்கிறது!

நான் சமைப்பதைப் பார்க்க மகள் அடுப்படிக்கே வந்துவிட்டாள். எதில் வறுக்கிறாய் என்று கேட்டாள். எதில் வறுப்பேன்? கடையில் மிஞ்சுகிற ஆட்டுக் கொழுப்பை உருக்கித்தான். அது இல்லாமல் இந்தப் பஞ்சை எவள் விழுங்குவாள்? தொட்டுக்கொள்ள நாலு துண்டு கறியும் உண்டு. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "கறிக்குப் பதிலா சோயாம்மா. கறியோட இல்ல."

கோபம் கோபமாக வந்தது — யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கல்லா நாற்காலிக்குத் தம்பி புது மெத்தை வாங்கி வைத்திருந்தான். அதை எடுத்துப் பூனைக்குப் போட்டேன்.

மே 2
ஆட்டுக் கொழுப்பு அறவே கிடையாது. கறி ஞாயிறு மட்டும். பகலெல்லாம் கறி வெட்டிவிட்டு வீட்டில் பஞ்சை மெல்கிறேன், அழுகையாக வருகிறது. விட மாட்டேன்.

ஜூலை 14
நூற்று அறுபத்தெட்டு. டாக்டரம்மா முன்னால் காகிதத்தை ஆட்டிக் காட்டினேன். சோயா குறைப்பது உண்மைதான், ஆனால் அதனால் நூற்றுக்கு மூன்றோ நான்கோதான் குறையும், மீதி குறைந்தது நீங்கள் கறியையும் ஆட்டுக் கொழுப்பையும் விட்டதால் என்றார். இரத்த அழுத்தமும் இருப்பதால் மாத்திரை வேண்டுமாம். சோயாவையும் விட வேண்டாமாம்.

வாதாடிப் பார்த்தேன். கடைசியில் கேட்டே விட்டேன்: அப்படியானால் நான் கட்டைக்கு முன்னால் நின்று வெட்டக் கூடாதா? அவர் புரியாமல் பார்த்தார். "நிக்க வேணாம்னு யாரு சொன்னா? நல்லா நின்னு வெட்டுங்க."

ஆறு மாதமாக இதைக் கேட்காமலே சண்டை போட்டிருக்கிறேன்.

ஜூலை 15
முதல் மாத்திரை. கடையிலேயே, தம்பி பார்க்கப் போட்டேன். பிறகு கத்தியை எடுத்தேன்.

ஆகஸ்ட் 22
என்னிடம் சொல்லாமல் தம்பியும் இரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறான். இருநூற்று மூன்று. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே போய்க் கல்லாவில் உட்கார்ந்துவிட்டான். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கத்தியைத் தீட்டி அவன் கையில் கொடுத்தேன்.

"எந்திரிச்சு வாடா. ஆளுங்க நிக்கறாங்க."