ஓடு பிரித்த கோடையில் உங்கள் மண்டி

அன்புள்ள அக்கா,

இன்று காலை ஒரு சின்ன மழை. மாதனூர்ப் பக்கமிருந்து தோல் ஏற்றி வந்த மாட்டு வண்டி நம் தெருமுனையில் நின்றது. வண்டிக்காரர் இறங்கி, சுருட்டி வைத்திருந்த தார்ப்பாயை உதறி மூட்டைகள்மேல் இழுத்துக் கட்டினார். நனைந்த தாரும் உப்பும் தோலும் கலந்த அந்த வாசம் எங்கள் வாசல்வரை வந்தது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். நான் வண்டி நகரும்வரை நின்றுகொண்டே இருந்தேன். நீங்கள் கண்மூடி இரண்டு வருஷமாகிறது. உங்களுக்கு எழுதவேண்டும் என்று இன்றைக்குத்தான் தோன்றியது.

நாங்கள் ஓடு பிரித்த கோடை நினைவிருக்கிறதா? நாட்டு ஓட்டுக்கு அடியில் உத்திரமெல்லாம் கரையான் தின்று, கை வைத்தால் மாவாக உதிர்ந்தது. முழுவதையும் பிரித்துவிட்டு, தளம் போட்ட மெத்தை வீடாகக் கட்டிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் தீர்மானித்தார். வாத்தியார் வேலை; பள்ளிக்கூட விடுமுறைக்குள் முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. வீட்டுக்குள் இருக்கும் சாமானை எங்கே வைப்பது என்று மட்டும் அவர் யோசிக்கவில்லை.

நம் இரண்டு கொல்லைகளுக்கும் நடுவே இருந்த சுவரில், குனிந்து நுழையும் அந்தச் சின்னக் கதவருகே நின்றுதான் உங்களிடம் சொன்னேன்.

“சாமான் வெக்க இப்பத்தான் கோயில் மண்டபத்துல கேட்டிருக்காருக்கா.”

“மண்டபத்துலயா? ஊரே வந்து போற எடத்துலயா பாத்திரத்த வெப்பாங்க?” என்றீர்கள். “எங்க தோல் மண்டியில பின்னறை காலியாத்தான் கெடக்குது. சரக்கெல்லாம் மெட்ராஸுக்குப் போய்ட்டுது. அங்க வெய்யி தங்கச்சி.”

மறுநாள் வந்து பார்த்தபோது, இரண்டு பெண்களை வைத்துத் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தீர்கள். உப்புப் போட்ட தோல் அடுக்கிய இடம். பார்த்தால் சுத்தமாகத்தான் தெரிந்தது. “தெரியாது. காத்துல ஈரம் வந்தா உப்பு வேர்க்கும். உன் பித்தளையெல்லாம் பச்ச புடிச்சிடும்” என்றீர்கள். சுரண்டி, கழுவி, வேப்பிலைப் புகை போட்டு, செங்கல் அடுக்கி, அதன்மேல் பலகை பரப்பினீர்கள். பலகை சுவரில் படக்கூடாது என்று ஒரு சாண் தள்ளி வைத்தீர்கள். அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் குண்டான் என்று அடக்கி, இடையில் வைக்கோல் திணித்தோம். கண்ணாடி போட்ட படங்களைத் தலையணைகளுக்கு நடுவே நிறுத்தினோம். பட்டுப் புடவைகளுக்கு வசம்பு. ஊறுகாய் ஜாடியை மட்டும் நீங்கள் யாரையும் தூக்க விடவில்லை. இடுப்பில் வைத்து நீங்களே கொண்டு போனீர்கள். மூன்று நாளில் என் குடித்தனம் முழுவதும் உங்கள் பக்கம் வந்துவிட்டது.

ஒன்று மட்டும் வரவில்லை. என் மாமியாரின் தகரப்பெட்டி.

“என் பொட்டி எங்கயும் போவாது. அந்தத் தோல் மண்டிக்குப் போவவே போவாது” என்று அத்தை சொல்லிவிட்டார். அடுப்படிக் கூரையைக் கடைசியாகத்தான் பிரிப்பார்கள் என்பதால், கட்டிலை அங்கே போட்டு, பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளி, அதற்குமேல் உட்கார்ந்துவிட்டார். இரவல் இடம் கொடுத்து, தரையைச் சுரண்டிக் கொடுத்த மனுஷியின் வீட்டைத் தோல் வீடு என்று ஒதுக்குகிறாரே என்று நினைத்தேன். உங்களிடம் பொய் சொன்னேன். “அது பூஜைப் பொட்டிக்கா. பக்கத்துலயே இருக்கணுமாம்” என்றேன். நீங்கள் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “இருக்கட்டும், அதுக்கின்னா” என்று பேச்சை மாற்றினீர்கள்.

அப்புறம் அந்த மழை. இரும்பு விட்டம் வாங்க என் வீட்டுக்காரர் வேலூருக்குப் போயிருந்தார். வேலை சீக்கிரம் முடியுமே என்று கொத்தனார் அன்றைக்கே அடுப்படி ஓடுகளையும் இறக்கிவிட்டார். நான் உங்கள் பின்னறையில் அரிசி மூட்டையைப் புரட்டி வைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். மலைப்பக்கம் கறுத்தது தெரியும். அத்தனை சீக்கிரம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆலங்கட்டியோடு கொட்டியது.

நான் கதவைத் தாண்டி ஓடினேன். அடுப்படிக்கு மேலே வானம்தான். அத்தை பெட்டியை இழுத்துத் தரையில் வைத்து, அதன்மேல் குப்புறக் கவிழ்ந்து கிடந்தார். முதுகில் ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது. “எழுந்திருங்கத்தே” என்று கையைப் பிடித்து இழுத்தேன். என் கையைத் தட்டிவிட்டார். பூஜைச் சாமான்கூட இல்லாத ஒரு பழம்பெட்டிக்கு இவ்வளவா என்று, வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மூடுவண்டியில்லாமல் தெரு பார்க்காதவர் நீங்கள். எங்கள் கொல்லையில் வேற்று ஆண்கள் வேலை செய்த அத்தனை நாளும் அந்தக் கதவுக்கு இப்பால் கால் வைக்கவில்லை. அன்று முக்காடு தோளில் சரிந்து கிடக்க, வேலைக்காரப் பெண்ணோடு, வண்டித் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தீர்கள். வேப்பமரத்தடியில் ஒதுங்கி நின்ற கொத்தாட்களைப் பார்த்து, “பார்த்துக்கினு நிக்கிறீங்களே! ஆளுக்கொரு மொனைய புடிங்கப்பா!” என்று கத்தினீர்கள். அவர்கள் ஓடி வந்தார்கள்.

அத்தை பக்கத்தில் மண்டியிட்டு நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை.

“அம்மா, இது தோல் வண்டிப் பாய். வாசம் ஜாஸ்தியா இருக்கும். போடட்டுமா?”

“வாசத்த யாருடி கேட்டா? என் புள்ளய மூடு!” என்றார் அத்தை.

புள்ள என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீங்கள் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் பாயை இழுத்து மூவரையும் மூடினீர்கள். அந்த இருட்டில், உப்பு வாசத்துக்குள், அத்தையின் பற்கள் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. “பயப்படாதம்மா, மேல நனையல, மேல நனையல” என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்.

மேலே நனையவில்லைதான். பெட்டியின் அடித்தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. தரையில் ஓடிய தண்ணீர் கீழிருந்து ஏறியிருந்தது. உங்கள் வீட்டில் வைத்துத் திறந்தபோதுதான் நான் முதன்முறை பார்த்தேன். ஒரு காக்கிச் சட்டை. அதற்கடியில் ஏழு கடிதங்கள். சண்டைக் காலத்தில் பட்டாளத்தோடு அரபு தேசத்துப் பஸ்ராவுக்குப் போய், காய்ச்சலில் அங்கேயே போய்விட்ட என் கணவரின் அண்ணன் எழுதியவை. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே நடந்து முடிந்தது. அவர் பேச்சை எடுத்தால் அத்தை எழுந்து போய்விடுவார் என்பதால், அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

ஈரம் பட்டதும் ஊதாவாகிவிடும் பென்சிலால் எழுதியிருந்தார். தாள்களில் ஊதா பரவிக்கொண்டிருந்தது. வெயில் திரும்பிவிட்டதே என்று நான் வெளியே எடுத்துப் போகப் பார்த்தேன். “வெயில்ல வெச்சா முறுக்கிக்கும், ஒடையும். நாங்க தோலயே நெழல்லதான் காய வெப்போம்” என்று தடுத்தீர்கள். பின்னறையில், என் அண்டாவுக்கும் அரிசி மூட்டைக்கும் மேலே, சுவருக்குச் சுவர் நூல் கட்டி ஒவ்வொரு தாளையும் மடிப்புப் பிரித்துத் தொங்கவிட்டோம். அத்தை கீழே பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காய்ந்தபின், “படிச்சுக் காட்டு” என்று என்னிடம் கேட்டார். ஒவ்வொரு கடிதமும் வந்த அன்று தபால்காரர் வாசலில் நின்று ஒரு தடவை படித்துச் சொன்னதுதான். அதற்குப்பின் அவர் யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை. ஆறு கடிதங்களைப் படித்தேன். பேரீச்ச மரங்களைப் பற்றி, ஆற்றில் நிற்கும் கப்பல்களைப் பற்றி, ரொட்டி தின்று நாக்கு செத்துப்போனதைப் பற்றி. ஏழாவதில் ஊதாக் கறை தவிர ஒன்றும் மிஞ்சவில்லை.

“அது கடைசியா வந்தது. எனக்குத் தெரியும், எழுது” என்றார் அத்தை. முதல் வரியிலிருந்து கையெழுத்துவரை நிறுத்தாமல் சொன்னார். நான் புதுத் தாளில் எழுதினேன். நீங்கள் விளக்கோரம் உட்கார்ந்து அழுதீர்கள்; அவர் அழவில்லை. எழுதி முடித்ததும், “இந்த மண்டியில தோல் பூச்சி இருக்கும், காயிதத்தத் தின்னுடும்னு பயந்துட்டேன்மா” என்று உங்களைப் பார்த்துச் சொன்னார்.

நான் எதையெல்லாம் நினைத்திருந்தேன்! அவர் பயந்ததோ பூச்சிக்கு.

பிறகு தனியாக உங்களிடம் பொய்யை ஒப்புக்கொண்டேன். “பூஜைப் பொட்டி இல்லன்னு அன்னிக்கே தெரியும்” என்றீர்கள். நான் கிணற்றடிக்குப் போகும் நேரத்தில் அத்தை அந்தச் சின்னக் கதவுக்கு வருவாராம். “பஸ்ரா உங்க பக்கந்தானேம்மா? அங்க மண்ணு எப்டி இருக்கும்?” என்று கேட்பாராம். உங்களுக்குத் தெரியாததால், ஹஜ்ஜுக்குப் போய்வந்த உங்கள் சின்ன மாமனாரை விட்டு விசாரிக்கச் சொல்லி, அவர் யாரிடமோ கேட்டுவந்து சொன்னதை அத்தைக்குச் சொல்வீர்களாம். ஒரே அடுப்பில் நானும் அவரும் நான்கு வருஷம் சமைத்திருக்கிறோம். என்னிடம் கேட்காததை அவர் உங்களிடம் கேட்டிருக்கிறார்.

“என்கிட்ட ஏன்க்கா சொல்லல?”

“அவங்க சொல்ல வேண்டியது. நான் எப்டி சொல்வேன்?”

மெத்தை முடியும்வரை ஒரு மாதம் அத்தை உங்கள் வீட்டில்தான் படுத்தார். பெட்டிக்கு அடித்தகரம் புதிதாகப் போட்டோம். அந்தக் கோடைக்குப்பின், அவரும் நீங்களும் போனபின்னும், நான் நிறையக் கூரைகளைப் பார்த்துவிட்டேன். மகன் வீடு, தங்கை வீடு, இடம் மாறிப் போனவர்களின் வீடுகள். சாமான் கட்டுவதென்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எதை எதற்குள் வைப்பது, எதைத் தரையில் வைக்கக்கூடாது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கே போனாலும் ஏதோ ஒன்றைத் தரமாட்டேன் என்று ஒருவர் பிடித்துக்கொள்வார். முன்பெல்லாம் அவர் மறுப்பதற்கு நானே ஒரு காரணத்தை நினைத்துக்கொள்வேன். இப்போது மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

போன வாரம் நாட்றம்பள்ளியில் என் மகன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மருமகள் ஒரு துணிமூட்டையைக் கொடுக்க மறுத்தாள். கேட்டேன். மூட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என்ன சொன்னாள் என்று உங்களுக்கும் எழுதமாட்டேன் அக்கா. அது அவளுடையது.

உங்கள்
தங்கச்சி