நீல வயிற்று ஊதாக்காது

சான் ரோக்கே,
நவம்பர் 24

அன்புள்ள தம்பி வினீசியோவுக்கு,

உன் அக்கா தர்ஹேலியா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் கைகளும் நலமாக இருக்க வேண்டும். லோர்காவில் விடியற்காலையில் ப்ரோக்கோலி அறுக்கும்போது விரல்கள் மரத்துப்போகின்றன என்று அம்மா சொன்னார். அம்மா போன் செய்தால் எடுக்கிறாய், நான் செய்தால் எடுப்பதில்லை. மூன்று வருஷமாக இதே கதை. அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டுக் கூமாந்தாவின் மகள் வெள்ளிக்கிழமை ஸ்பெயினுக்குப் பறக்கிறாள். உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ வாங்காவிட்டால் தெருவில் நின்று உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அவள் தொண்டை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும்.

மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதை இரண்டு இடத்தில் சரிந்துவிட்டது. அம்மாவுக்கு முட்டிவலி, ஆனாலும் சோளம் அரைத்து உமீத்தா அவிப்பதை விடவில்லை. உன் பைனாகுலரை அரிசி டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன், கண்ணாடியில் பூஞ்சை ஏறவில்லை. எனக்கு வேலைக்குக் குறைவில்லை. பறவை பார்க்க வருகிறவர்கள் என் பெயரைச் சொல்லிக் கேட்டு வருகிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கின் ரீங்காரச் சிட்டுகள் எதையும் முதுகைப் பார்த்தே பெயர் சொல்வேன். தற்பெருமை என்றால் இருக்கட்டும், பொய் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம். வாசல் குவாபா மரத்தில் தொங்கும் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைக்கு ஓர் ஊதாக்காதுச் சிட்டு வந்தது. நம் பச்சை வயிற்றுக்காரன்தானே என்று உள்ளே திரும்பினேன். பார்த்தால், பச்சை வயிற்றுக்காரன் ஏற்கெனவே அங்கே குடித்துக்கொண்டிருக்கிறான். வந்தவன் அவனைவிட ஒரு சுற்றுப் பெரியவன்.

உனக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. இரண்டுக்கும் உடம்பு பச்சை, காதோர இறகு ஊதா. நிழலில் இரண்டும் கரிக்கட்டை. பெரியவனுக்குக் காதின் ஊதா தாடைவரை ஓடும், வயிற்றில் நீலம் இருக்கும். ஆனால் கோபம் வந்தால் சின்னவனும் காதை விரிப்பான், ஊதா தாடையைத் தொடுகிற மாதிரி ஏமாற்றும். செவ்வாய்க்கிழமை வந்தவனுக்குக் கோபமே இல்லை. காதை மடித்துக்கொண்டு சாவகாசமாகக் குடித்தான். அப்போதும் ஊதா தாடைவரை ஓடியது. பிறகு வெயில் பக்கம் திரும்பினான். வயிறு நீலம்.

பறவைக் கணக்கெடுப்புத் தலைவர் தொன் அப்தோன் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்படியே இழுத்து வந்தேன். அவரும் பார்த்தார். “அட, மேல்மலைக்காரன் இவ்வளவு கீழ எதுக்கு எறங்கினான்? சரி தர்ஹேலியா, இந்த வருஷப் பட்டியல்ல உன் பேரைப் போட்ருவோம்” என்றார். என் பெயர் வேண்டாம், மூன்று வருஷத்துக்கு முந்தைய பக்கத்தைத் திறங்கள், நீல வயிற்றைப் பார்த்தேன் என்ற என் தம்பியின் வரியை அடித்தீர்களே, அதைத் திரும்ப எழுதுங்கள் என்றேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “இன்னிக்கு வந்த சிட்டு அன்னிக்குச் சாட்சி ஆகாதும்மா. அன்னிக்கு அவன்கூட நின்ன ஒருத்தர் ‘நானும் பார்த்தேன்’னு சொல்லணும். நம்ம ஊர் வழக்கம் அதானே” என்றார்.

உன்கூட நின்றது நான் ஒருத்திதான். நானும் பார்த்தேன் என்று சொன்னேன்.

“அப்போ அன்னிக்கு ஏன் வாயில கொழுக்கட்டைய வச்சிருந்தே?” என்று கேட்டார். அதன் பதிலை முதலில் உனக்குச் சொல்கிறேன்.

அன்று பைனாகுலரை உன் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்தேனே, ஒரு நொடி எனக்கும் நீலம் தெரிந்தது. ஆனால் அதற்குள் ‘போடா, உன் கண்ணு அவிஞ்சு போச்சு’ என்று சிரித்துத் தொலைத்திருந்தேன். குழுத் தலைவி நான். எனக்கு முன்னால் என் தம்பி ஊருக்கே புதுச் சிட்டைப் பார்த்துவிட்டான் என்பதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. நிழலின் வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் மண்டபத்தில் பட்டியல் வாசித்தபோது நீ எழுந்து நின்று என்னைப் பார்த்தாய். நான் சூப் கிண்ணத்தைப் பார்த்தேன். பிறகு, கோபத்தில் காது விரித்த சின்னவன் என்று விளக்கம் வேறு கொடுத்தேன், எல்லோரும் தலையாட்டினார்கள். ‘நீல வயிறு’ என்று உனக்குப் பட்டப்பெயர் வைத்தது கடைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவன் இல்லை, நான்தான். நீ சம்பாதிக்கத்தான் போனாய் என்று ஊர் சொல்கிறது. அது பொய் என்று எனக்குத் தெரியும். வெட்கமாக இருக்கிறது, வினீசியோ.

என் கண் நல்ல கண். அன்றும் நல்ல கண்தான். அதுதான் என்னை உறுத்துகிறது.

இந்த வருஷக் கணக்கெடுப்பு டிசம்பர் 19. சாட்சியை எல்லோர் முன்னாலும் சொன்னால்தான் பழைய பக்கத்தில் ஏறும் என்று தொன் அப்தோன் சொல்லிவிட்டார். சொல்லப் போகிறேன். நாற்காலிமேல் ஏறி நின்றே சொல்வேன், என் குரலும் கூமாந்தா மகளின் குரலுக்குச் சளைத்தது இல்லை. பட்டியல் வாசிப்பு இங்கே மாலை நான்கு மணிக்கு, உனக்கு இரவு பத்து. அப்போது உன்னை அழைப்பேன். நீ ஒரு வார்த்தை பேச வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். போனை எடுத்தால் போதும், எல்லாம் உனக்குக் கேட்கிற மாதிரி என் போனை உயர்த்திப் பிடித்திருப்பேன்.

கன்னித்தாய் உன் விரல்களைப் பனியிலிருந்து காக்கட்டும்.

அன்று உன் பக்கத்தில் நின்று பார்த்த,
உன் அக்கா தர்ஹேலியா