ஃப்ரீசரில் இருக்கும் கேக்

அக்டோபர் 14, செவ்வாய் மாலை

அன்புள்ள வெர்லினுக்கு,

மார்லிஸ் எழுதுவது. இங்கே நானும் நாயும் நலம். அந்த மறுவாழ்வு இல்லத்தில் உனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடும் தூக்கமும் கிடைக்கிறதா? போனில் பேச விடமாட்டார்கள் என்பதால், முப்பது வருடத்தில் எழுதாத கடிதங்களை எல்லாம் இந்த மூன்று வாரத்தில் எழுதித் தீர்க்கிறேன். ரஸ்டி உன் பூட்ஸ் மேல்தான் படுக்கிறது. கார் கொட்டகைக் கூரை ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன், பதறாதே.

விஷயத்துக்கு வருகிறேன். இன்று ஒரு வேலைக்கு நேர்காணல் போனேன். நெடுஞ்சாலை ஓரத்து மளிகைக் கடை இருக்கிறதே, அதன் பேக்கரியில் கேக் அலங்கரிக்கும் வேலை. சிரிக்காதே. உன் வேலை போன பிறகு நமக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. நீ வீட்டுக்கு வந்தபின் வாராவாரம் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார்களே, இது கிடைத்தால் காப்பீடும் கூடவே வரும், அதற்கு வழி பிறக்கும். ஐம்பத்து நாலு வயதுக்காரிக்கு யார் வேலை தருவார்கள் என்று போகிற வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன்.

பேக்கரிக்குப் பொறுப்பாளர் ட்வைலா என்கிற பெண். நம் மகள் கார்லாவைவிடப் பத்து வயது மூத்திருப்பாள். முன்பு எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். எங்கும் இல்லை, நம் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் நடக்கும் கல்யாணம், சாவுச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் இருபத்திரண்டு வருடமாக என் கேக்தான் என்றேன். வெறும் கேக் ஒன்றை முன்னால் வைத்தாள். இருபது நிமிடம், சுற்றிலும் கிரீமில் ஓரம், மூன்று ரோஜா, ஏதாவது ஒரு வாழ்த்து என்று சொல்லிவிட்டு ரொட்டி அடுக்கப் போய்விட்டாள்.

கை தானாக ஓடியது. ஓரம் முடிந்தது, இரண்டு ரோஜாவும் மலர்ந்தன. மூன்றாவதைச் சுற்றும்போதுதான் கவனித்தேன், என் கட்டைவிரல் வாயில் இருக்கிறது, கையுறையோடு. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். வீட்டில் கேக் செய்கிற எந்தப் பெண் கிரீமை நக்காமல் பூச் சுற்றியிருக்கிறாள்? ஆனால் அது கடை. ட்வைலா முதுகு காட்டி நின்றாள், சொல்லாமல் விட்டிருக்கலாம். உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் சொல்லாமல்தான் நின்றேன். மறைத்து வைத்த காரியம் ஒரு வீட்டை என்ன பாடு படுத்தும் என்று நம் இருவருக்கும் தெரியாதா? அவளைக் கூப்பிட்டேன்.

“விரலை நக்கிட்டேன்மா. இதை யாருக்கும் வித்துடாதீங்க.”

அவள் என்னையும் கேக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் நக்குறாங்க. கூப்பிட்டுச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். கையுறைய மாத்துங்க, இன்னும் ஒம்பது நிமிஷம் இருக்கு” என்று இன்னொரு கேக்கை வைத்தாள்.

ஒன்பது நிமிடத்தில் யோசிக்க நேரம் ஏது? ரோஜா இரண்டுதான் வந்தது, ஓரம் ஒரு மூலையில் கோணிவிட்டது. வாழ்த்து மட்டும் நேராக வந்தது. ‘வீட்டுக்கு நல்வரவு, வெர்லின்’ என்று எழுதியிருந்தேன். யார் வெர்லின், ராணுவத்திலிருந்து வருகிறாரா என்று ட்வைலா கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்தது. என் வீட்டுக்காரர், குடியை விட்டுவிட்டு வருகிறார் என்றேன். ஓர் அந்நியப் பெண்ணிடம் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மூன்று வருடமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் உனக்கு முதுகுவலி என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

அவள் மேற்கொண்டு துருவவில்லை. வழுக்காத கருப்பு ஷூ இருக்கிறதா, காலை ஐந்து மணிக்கு வர முடியுமா என்று கேட்டாள். வியாழக்கிழமைக்குள் போன் செய்வாளாம். எடுக்கப் போகாத ஆளிடம் யாராவது ஷூவைப் பற்றிக் கேட்பார்களா, நீயே சொல். ஆனாலும் வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருக்கிறது.

இரண்டு கேக்கையும் என்னிடமே கொடுத்தனுப்பினாள். நக்கியதை நானே தின்றுகொண்டிருக்கிறேன். இந்தத் தாளில் இருக்கும் கறை அதுதான். உன் பெயர் போட்டதை நன்றாகச் சுற்றி, ஃப்ரீசரில் போன வருட மான் இறைச்சிக்கு மேலே வைத்திருக்கிறேன். மூன்று மாதம் கெடாது என்றாள் ட்வைலா. உனக்கு இன்னும் முப்பத்தொன்பது நாள்தான். கார்லாவின் பட்டமளிப்பன்று நீ குடித்துவிட்டு வந்தபோது நான் செய்த கேக் என்ன ஆனது என்பதைப் பற்றிப் பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பேசவில்லை.

ஆண்டவர் உன் கையை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும். வந்து இந்தக் கேக்கை நீதான் வெட்ட வேண்டும், வெர்லின். என்னைத் தனியாக வெட்ட வைத்துவிடாதே.

என்றும் உன்,
மார்லிஸ்