மூன்றாம் தாவலுக்குச் சுழியம்

அக்டோபர் 3, செவ்வாய்

காலை ஸ்கேட்டிங் பயிற்சியில் ஏழு முறை விழுந்தேன். ஏழும் ஒரே பக்கம். வலது இடுப்பு என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது.

ஐஸைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டுகிற அண்ணன் தடுப்புச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, நான் அஞ்சு மணிக்கு எழுந்து வந்து இதைக் கண்ணாடி மாதிரி வச்சுட்டுப் போறேன். நீ ஆறு மணிக்குள்ள குழி தோண்டிடுற" என்றார். சிரித்தேன். சிரித்தாலும் வலிக்கிறது.

அக்கா சிரிக்கவில்லை. ஐஸுக்கு வெளியே அவள் என் கூடப்பிறந்தவள். உள்ளே வந்துவிட்டால் பயிற்சியாளர். "எழுந்திரு. திரும்பப் போடு." பன்னிரண்டு வருடமாக இதே பல்லவி.

அக்டோபர் 9, திங்கள்

அம்மா போனில். "உன் பையன் என்ன பண்றான்னு கேக்குறாங்க. ஐஸ்ல வழுக்கி விழுறான்னு சொல்லவா?"

"விழாம இருக்கத்தாம்மா இவ்ளோ பாடு."

"இருபத்தெட்டு வயசுல பளபளன்னு சட்டை போட்டுக்கிட்டு…" என்று ஆரம்பித்தாள். அந்தச் சட்டைக்கு உட்கார்ந்து மணி தைக்கிறவளும் அவள்தான். இந்த வருடம் நீலம்.

அக்டோபர் 14, சனி

டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டினார். பிறகு பேனா முனையால் ஒரு இடத்தைத் தொட்டார். "இடுப்பு மூட்டுக் கிண்ணத்தோட ஓரம் கிழிஞ்சிருக்கு. எலும்பும் தேய ஆரம்பிச்சிருக்கு."

"இன்னும் எத்தனை மாசம் தாவலாம் டாக்டர்?"

"தம்பி, எத்தனை வருஷம் நடக்கலாம்னு கேளுங்க."

அறிக்கையை உறையில் போட்டுக் கொடுத்தார். ஸ்கேட்டிங் பையின் அடியில், பழைய லேஸ்களுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 15

அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அக்டோபர் 27, வெள்ளி

உலகப் போட்டிக்கு ஆண்களில் இங்கிருந்து போக ஒரே ஒரு இடம். டிசம்பரில் தேசியப் போட்டியில் முதலில் வருகிறவனுக்கு அது. நான் இதுவரை மூன்று முறை இரண்டாவதாக வந்திருக்கிறேன். அடுத்த வருடம் என்று எனக்கு ஒன்று கிடையாது. அந்த உறைக்குள் இருப்பது அதுதான்.

எதிரி யார்? வெளியில் தேடவே வேண்டாம். குருவி. பத்தொன்பது வயது, எலும்பில் எடையே இல்லை, அதனால் அந்தப் பெயர். என்னோடு அதே ஐஸில், அதே அக்காவிடம் பயிற்சி. "அண்ணா, அண்ணா" என்று பின்னாலேயே வருவான். நான் எரிந்து விழுந்தாலும் வருவான். அவனை வெறுக்க நேர்மையாக முயன்றிருக்கிறேன், முடியவில்லை.

போட்டியில் குறும் ஆட்டம், நெடும் ஆட்டம் என்று இரண்டு; இரண்டின் புள்ளியையும் கூட்டித்தான் முடிவு. இன்று அக்கா நெடும் ஆட்டத்தின் தாவல் பட்டியலை எழுதி முடித்தாள். நான்கு நிமிடம், ஏழு தாவல். முதலாவது நான்கு சுற்று டோ லூப்: இடதுகால் முனையை ஐஸில் குத்தி எழும்பி, காற்றில் நான்கு முறை சுழன்று, வலதுகாலில் இறங்க வேண்டும். எனக்கு அது இரண்டில் ஒருமுறை காற்றிலேயே அவிழ்ந்து மூன்று சுற்றாகிவிடுகிறது. அங்கேதான் வில்லங்கம். பட்டியலில் மூன்று சுற்று டோ லூப் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. ஒரே தாவலை இரண்டு முறைதான் கணக்கில் எடுப்பார்கள். மூன்றாம் முறை தேவர்கள் இறங்கி வந்து போட்டாலும் சுழியம். அதனால் முதல் தாவல் அவிழ்ந்துபோனால், கடைசித் தாவலை இரண்டு சுற்றாகக் குறைத்துவிட வேண்டும். அது வேறு தாவல், அதற்குரிய சொற்பப் புள்ளி வந்து சேரும்.

மூச்சிரைக்க ஓடுகிறவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தலையில் நிற்காது. "ஓடுறது உன் வேலை, எண்ணுறது என் வேலை" என்பாள் அக்கா. அவள் கை தடுப்புச் சுவரின் மேல் இருக்கும். மூடியிருந்தால், எழுதியபடி போ. தூக்கி விரித்தால், குறை. கடைசித் தாவலுக்கு முன் அவள் பக்கமாக ஒரு வளைவை வைத்திருப்பதே அந்தக் கையைப் பார்க்கத்தான். பன்னிரண்டு வருடத்தில் அது ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

குருவி நான்கு சுற்றை மூன்று முறை போட்டான். வீட்டு வாசற்படி இறங்குகிற மாதிரி. பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையிலிருந்து வெந்நீர்ப் பை எடுத்து நீட்டினான். "இடுப்புக்கு வச்சுக்கோங்க அண்ணா. காலையில இறங்குறப்போ பல்லைக் கடிக்கிறீங்க, பாத்தேன்."

"உன் வேலையைப் பாருடா" என்றேன். பையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 30, வியாழன்

மாட்டிக்கொண்டேன். லேஸ் அறுந்துவிட்டது, வேறு எடுக்க அக்கா என் பைக்குள் கைவிட்டாள். உறை வந்தது.

நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தாள். பிறகு உடைமாற்றும் அறைக் கதவைச் சாத்தினாள்.

"எத்தனை நாளா தெரியும்?"

"ஒன்றரை மாசம்."

"ஒன்றரை மாசமா உன்னைத் தாவச் சொல்லிக்கிட்டு இருக்கேன். எழுந்திரு எழுந்திருன்னு. என்னை என்னன்னுடா நினைச்ச?" அறிக்கையை உறைக்குள் திணித்தாள். அப்புறம், "விட்டுடு. நடக்க முடியாமப் போயிட்டா அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"டிசம்பர் பத்து வரைக்கும். அப்புறம் நீ சொல்றதைக் கேக்குறேன்."

அறுந்த லேஸை எடுத்துவிட்டுப் புதியதை அவளே கோத்துக் கொடுத்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 8, வெள்ளி

குறும் ஆட்டம் முடிந்தது. நான் முதல். குருவி இரண்டு புள்ளி பின்னால்! விடுதி அறையில் ஐஸ் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுதுகிறேன். ஐஸ் மேலே ஆடி ஐஸையே கட்டிக்கொள்கிற பிழைப்பு.

டிசம்பர் 10, ஞாயிறு, காலை

நெடும் ஆட்டம் மதியம். குருவி எனக்கு முன்னால் ஆடுவான், நான் கடைசி.

தேநீர் எடுக்கக் கீழே போனேன். படிக்கட்டின் திருப்பத்தில் அக்காவின் குரல். குருவியிடம் பேசிக்கொண்டிருந்தாள். "கடைசியைக் குறைச்சுடுவான். நான் பாத்துக்கறேன். நீ உன் வேலையைப் பாரு."

மேலே வந்துவிட்டேன். தேநீர் எடுக்கவில்லை.

என்ன அர்த்தம் அதுக்கு? எதைப் பாத்துக்கப் போறா? யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. இடுப்பு போனவனை அனுப்பி என்ன லாபம், குருவிக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு. பயிற்சியாளர் அப்படித்தான் யோசிப்பாங்க. ஆனா அக்கா? அக்காவுமா?

டிசம்பர் 10, சாயங்காலம்

எழுதணும். இப்பவே எழுதலைன்னா நாளைக்கு எனக்கே வேற மாதிரி சொல்லிக்குவேன்.

குருவி நன்றாக ஆடினான். ஒரே ஒரு தடுமாற்றம். புள்ளி வந்ததும் அக்கா அவனைக் கட்டிக்கொண்டாள், பிறகு சுவரோரம் ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. "நிதானமாப் போ" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

முதல் தாவல் அவிழ்ந்தது. மூன்று சுற்று. விழவில்லை, ஓடினேன். இரண்டாவது, மூன்றாவது சுத்தம். நான்காவது இரண்டு தாவல் அடுத்தடுத்துச் சேர்ந்தது, அதன் பின்பாதி மூன்று சுற்று டோ லூப், அதுவும் சுத்தம். அதற்குப் பிறகு இடுப்பில் யாரோ ஆணி அடித்துக்கொண்டே வந்தார்கள், எனக்கு எண்ணிக்கை எல்லாம் போய்விட்டது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்பது மட்டும்தான்.

கடைசி வளைவு. அக்கா கையைத் தூக்கியிருந்தாள். விரிந்த கை. ஐந்து விரலும் தெரிந்தது.

பார்த்தேன். பார்த்துட்டு மனசுல என்ன சொன்னேன் தெரியுமா? "அவனுக்காகத்தானே? குறைக்க மாட்டேன், போ."

போட்டேன். மூன்று சுற்று. என் வாழ்நாளில் அப்படி ஒரு தாவல் போட்டதில்லை. இறங்கியபோது வலிகூட இல்லை. கூட்டம் எழுந்து நின்றது. அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள், சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். முட்டாள். வடிகட்டின முட்டாள்.

புள்ளித் தாளில் அந்த வரிக்கு நேரே சுழியம்.

தோற்றது ஒன்றுக்கும் குறைவான புள்ளியில். அவள் சொன்ன மாதிரி இரண்டு சுற்று போட்டிருந்தால், தட்டுத்தடுமாறிப் போட்டிருந்தால்கூட, அந்தச் சொற்பம் போதும். போயிருப்பேன்.

திரும்பி வரும் வண்டியில் அக்கா கேட்டாள். "கையைப் பாக்கலையாடா?"

"இல்லக்கா" என்றேன்.

டிசம்பர் 21, வியாழன்

ஸ்கேட்டிங் சங்கத்துக்காரர்கள் அரங்கத்துக்கு வந்திருந்தார்கள். ஒருவர் எல்லார் காதிலும் விழும்படிக் கேட்டார், "எண்ணிச் சொல்ல வேண்டியவங்க தூங்கிட்டு இருந்தாங்களோ?"

அக்கா சொன்னாள், "தப்பு என்னுதுதாங்க. கையைச் சரியாக் காட்டலை."

நான் மூன்றடி தள்ளி உட்கார்ந்து பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

ஜனவரி 6, சனி

குருவி எனக்கு ஊன்றுகோல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். எனக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை இருபதாம் தேதி. அவனுக்கு என் இடம் கிடைத்ததில் என்னைவிட அவனுக்குத்தான் தூக்கம் போயிருக்கிறது.

"அன்னைக்குக் காலையில அக்காகிட்ட நான் கேட்டேன் அண்ணா. இடுப்பு இப்படி இருக்கே, முதல் தாவல்ல சுத்து குறைஞ்சுட்டா அண்ணன் தடுமாறிடுவாரே, கடைசியில என்ன பண்ணுவாருன்னு. அதெல்லாம் கடைசியைக் குறைச்சுடுவான், நான் பாத்துக்கறேன், நீ உன் வேலையைப் பாருன்னு ஒரே திட்டு."

"சரி" என்றேன். அவன் போனபின் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதேன். அறுவைக்காக ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கதவைத் தட்டி, "தண்ணி வீணாப் போகுது" என்றாள்.

ஜனவரி 20

காலையில் அறுவை. அக்கா வந்து படுக்கையோரம் உட்கார்ந்து என் கால்விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். இப்போதாவது சொல்லியிருக்கலாம். மயக்கத்தில் உளறினேன் என்று பிறகு சமாளித்துக்கொள்ளக்கூட வழி இருந்தது.

பிப்ரவரி 25, ஞாயிறு

நடக்கிறேன். தாவ முடியாது, இனி எப்போதும் முடியாது. டாக்டர் அதை வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். நான் எப்போதோ அழுது முடித்த விஷயம்.

அக்கா கண் பரிசோதனைக்குப் போய்வந்தாளாம். அவள் கண்ணில் என்ன கோளாறு? "அன்னைக்கு எனக்கே தூரம் சரியாத் தெரியலையோ, கையை ரொம்பத் தாழ்த்திப் பிடிச்சேனோன்னு" என்றாள்.

மார்ச் 23, சனி

உலகப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம், நானும் அம்மாவும். குருவி பதினேழாவது. முதல் தடவைக்கு நல்ல இடம். அவன் வளைந்து திரும்பும்போதெல்லாம் திரையின் ஓரத்தில், தடுப்புச் சுவரின் மேல், ஒரு சிவப்புக் கை.

"அவ எதுக்கு ஒரு கைக்கு மட்டும் உறை போட்டிருக்கா?" என்றாள் அம்மா.

எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் ஐஸில் யாரும் இல்லை. அக்கா பாதி விளக்கை அணைத்துவிட்டு என்னை எதிர்ச்சுவரோரம் போய் நிற்கச் சொன்னாள். கோலை ஊன்றிக்கொண்டு சுற்றி நடந்துபோய் நின்றேன். அவள் சிவப்பு உறையை மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினாள்.

"தெரியுதாடா?"

"தெரியுது."

"அன்னைக்கு நான் கறுப்புக் கோட்டு வேற போட்டிருந்தேன். இதைப் போட்டா எந்த மூலையிலேர்ந்தும் தெரியும். இனிமே எந்தப் பிள்ளைக்கும் அப்படி ஆகக்கூடாது."

"அன்னைக்கும் தெரிஞ்சுதுக்கா."

கை இறங்கவில்லை. "என்ன?"

"உன் கையைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் போட்டேன். குருவி ஜெயிக்கணும்னு நீ என்னைக் குறைக்கச் சொல்றேன்னு நினைச்சேன்."

இவ்வளவையும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அரங்கத்தில் எதைச் சொன்னாலும் இரண்டு தடவை கேட்கும்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. உறையை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினாள். "நாலு மாசம்டா" என்றாள். "நாலு மாசமா தினம் கண்ணாடி முன்னாடி நின்னு கையைத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

விளக்கைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். சுற்றி நடந்து அந்தப் பக்கம் வந்து சேர எனக்கு வெகுநேரம் ஆனது.

மே 19, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு ஐஸில் நிற்கக் கற்றுக்கொடுக்கிறேன், சுவருக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து. அக்காவும் வருகிறாள். நேரத்தைச் சொல்வாள், பாட்டு எது என்று சொல்வாள். வேலைக்கு வேண்டியது எல்லாம் பேசுவாள்.

இன்று ஒரு அம்மாள் தன் மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று வந்தார். தேடிக் கொடுக்க, மறந்துவிட்டுப் போன பொருள்கள் போடும் பெட்டியைத் திறந்தேன். ஜோடி இல்லாத காலுறைகள், ஒரு தண்ணீர்ப் புட்டி, குழந்தைத் தொப்பிகள். அவற்றுக்கு அடியில் சிவப்பு உறை.

ஐஸ் வண்டிக்கார அண்ணனிடம் கேட்டேன். "அதுவா? போன மாசமே உங்க அக்கா போட்டுட்டாங்க. யாருதுன்னு கேட்டேன், தெரியலைன்னாங்க" என்றார்.

எடுத்து வந்துவிட்டேன். என் கைக்குப் போதவில்லை. கட்டைவிரல் மட்டும்தான் கடைசிவரை நுழைகிறது.