சுற்றிக்கொண்டே இருந்த வட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்குத் தலைசுற்றல் நின்றதா? நான் சௌக்கியம், ஆனால் கோபம் மட்டும் ஆறவில்லை.

எங்கள் மருந்துக்கடையில் பழைய கம்ப்யூட்டர்களைத் தூக்கிவிட்டு, எல்லா வேலையும் இணையத்திலேயே நடக்கிற புதியவற்றை வைத்தார்கள். சட்டென்று திறக்கிறது, வைரஸ் தொல்லை இல்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நேற்றுக் காலை நெட் போய்விட்டது. காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தையோடு ஒரு தாய் நின்றாள். அதற்கு எந்த மருந்து ஒவ்வாது என்ற குறிப்பு இணையத்தில்தான் இருக்கிறது. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"நெட் வந்ததும் பாத்துக்கலாம்மா. சாதாரண வேலைக்கு இது தாராளமா போதும்" என்றார் மேலாளர்.

"காய்ச்சல்ல கிடக்கிற குழந்தைக்கு மருந்து குடுக்கிறது சாதாரண வேலை இல்லையா சார்?" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் தன் நோட்டைப் பார்த்து, தான் எழுதிக்கொடுத்த மருந்தே குழந்தைக்கு ஒவ்வாது என்று அதை மாற்றச் சொன்னார். குரல் உயர்த்தியதற்கு எச்சரிக்கைக் கடிதம் தந்த அதே மேலாளர், சாயங்காலம் நெட் இல்லாமலே ஓடுகிற ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தானே தூக்கிவந்து என் மேசையில் வைத்தார். வேலை போகாது, கவலை வேண்டாம்.

ஒரு உதவி. நம் வீட்டுப் படங்களைக் காகிதத்தில் பிரிண்ட் போட்டு அனுப்புங்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கிற படமானாலும் சரி. நான் தங்கியிருக்கிற அறையில் நான்கு சுவரும் காலியாகத்தான் இருக்கின்றன.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் மூத்தவள்