ஆணி மட்டும் இருந்த சுவர்

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள ரீனா அப்பாவுக்கு,

அன்னாள் எழுதிக்கொள்வது. நானும் ரீனாவும் இருக்கிறோம். சுகம் என்று எழுத மனம் வரவில்லை. உங்களுக்குத்தான் பொய் ஆகாதே. போனில் பேசலாம்தான். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறீர்கள். வேளாங்கண்ணியில் டோனி தம்பி வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

ரீனா இப்போது நூல் மில்லுக்குப் போகிறாள். அரசுப் பள்ளியில் டீச்சராக இருந்தவளை மில் வேன் வந்து ஹாரன் அடித்துக் கூப்பிடுகிறது. பஞ்சுத் தூசியில் இருமல் நிற்கவில்லை. 'அப்பா இருக்கிற வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்' என்று சொன்னவள், நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் உங்கள் பேச்சை எடுப்பதில்லை.

அந்த நாள் என் நெஞ்சை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. சர்டிபிகேட்டில் அவள் சுகன்யா, இந்து எஸ்.சி.; வீட்டிலும் கோயிலிலும் ரீனா. நம் சனத்தில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர்தான். கிறிஸ்தவர் என்று தெரிந்தால் எஸ்.சி. சலுகையும் அதில் கிடைத்த வேலையும் போய்விடும். தாலுகா ஆபீசிலிருந்து விசாரிக்க வருகிறார்கள் என்றதும் மாதா படத்தையும் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தையும் பக்கத்து வீட்டு இஃப்பத்திடம் கொடுத்தேன். அவள் துப்பட்டாவில் சுற்றித் தன் பீரோவில் வைத்துப் பூட்டினாள். நம் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. வந்தவர் நல்ல மனுசர். டீயைக் குடித்துவிட்டு எழுந்தும்விட்டார். பேச்சுக்குத்தான், 'இந்துதானே அண்ணே?' என்று கேட்டார். தலையை ஆட்டியிருந்தால் போதும். நீங்களோ, 'இல்லீங்க சார், நாங்க ஞானஸ்நானம் வாங்குன ஆளுக' என்று மடியிலிருந்து ஜெபமாலையை எடுத்துக் காட்டினீர்கள். அதோடு வேலை போயிற்று. அவர் வருமுன் நான் சுவரைத்தான் பார்த்தேன், உங்கள் மடியைப் பார்க்கவில்லை.

சாமியார் பிரசங்கத்தில் உங்களைப் பெரிய சாட்சி என்று புகழ்ந்தார். முன்வரிசையில் சகாயராணி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சர்டிபிகேட்டிலும் வேறு பெயர்தான். பூசை முடிந்ததும், கான்வென்டில் ரீனாவுக்கு ஒரு வேலை கிடைக்குமா என்று சாமியாரிடம் கேட்டேன். இடம் இல்லையாம், ஜெபத்தில் நினைத்துக்கொள்வாராம். கிறிஸ்தவனுக்குச் சாதி இல்லை என்கிறார்கள். அப்புறம் எதற்கு உங்கள் அப்பாவைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள்? அதையும் அந்த ஆபீசரிடம் சொல்லியிருக்க வேண்டியதுதானே. உண்மையில் பாதியைத்தான் சொன்னீர்கள்.

இனி நான் செய்ததைக் கேளுங்கள். ரீனா மேல்முறையீடு செய்திருக்கிறாள். உங்களுக்குச் சித்தம் சரியில்லை, ஜெபக் கூட்டங்களுக்குப் போய்ப் புத்தி பேதலித்துவிட்டது, எனக்கும் மகளுக்கும் அதில் சம்பந்தமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உங்களை அங்கேயே வந்து விசாரிப்பார்களாம். அது முடியும்வரை இங்கே வராதீர்கள். கிறிஸ்மசுக்கும் வேண்டாம்.

உங்களுக்கு வைத்தது ஆண்டவரின் தலைமைச் சீடர் ராயப்பர் பெயர். அவர் நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே, ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்துவிட்டு, சேவல் கூவியதும் அழுதவர். அதற்காக மோட்சத்துச் சாவியை ஆண்டவர் அவரிடமிருந்து திரும்ப வாங்கிவிடவில்லை. நான் கேட்பது ஒரே ஒரு தரம், விசாரிக்க வருகிறவர்களிடம், பெற்ற மகளுக்காக. சேவல் கூவினால் கூவட்டும். கூடச் சேர்ந்து அழ நான் இருக்கிறேன்.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும். அவள் இன்னும் இஃப்பத் வீட்டு பீரோவில்தான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
சுகன்யாவின் அம்மா